தாளம் போடும் கை

எனக்குப் பாட வராது. சின்ன வயதில் மிருதங்கம் பழகப் போனேன். கொஞ்ச நாளில் வாத்தியார் வீட்டுக்கே வந்து, பெடியனை வேறு எதிலாவது விடுங்கோ என்று அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். ஆனால் தாளம் போடுவேன். லண்டனில் எந்த அரங்கேற்றத்துக்குப் போனாலும் முன்வரிசையில் ஒரு ஆள் தொடையில் தட்டி, விரல் எண்ணி, கையை வீசி, பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடித்துக்கொண்டே இருப்பாரே, அவர் நான்தான். மேடையில் ஆடும் பிள்ளை அரை அட்சரம் பிந்தினால் முறைத்துப் பார்ப்பவரும் நான்தான். யாரும் கேட்காத, யாரும் சம்பளம் தராத உத்தியோகம். இன்றுவரை அதற்கு லீவு போட்டதில்லை.

என் வலது கை என் சொல் கேட்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மழை நாளில் பஸ்ஸின் வைப்பர் ஆடினால் அதற்கும் தாளம் போடும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்று நான் சொல்லும்போதும் ஒரு விரல் தொடையில் போய்த் தட்டிவிட்டு வரும். ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு முறை மட்டும் வருகிற ஒரு நடனத்தை இந்தக் கை கெடுத்துவிடப் போகிறதே என்று நான் வியர்த்துப்போய் நின்ற கதை இது.

நாங்கள் இருப்பது கோலியர்ஸ் வுட்டில், ஒரு பழைய வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்ததில் கீழ்ப்பாதி. மகன் வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போனபின் நானும் மனைவியும்தான். மேல்வீட்டில் முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐ.டி. தம்பதி ஒன்று இருந்தது. பூனை மாதிரி நடப்பார்கள். அவர்கள் வெம்பிளிப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போக, கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் குடிவந்தார்கள். தாய்க்கு நாற்பது வயதிருக்கும், பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை. மகளுக்கு அப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ.

அவர்கள் வந்த முதல் சனிக்கிழமை காலை, நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். மேலே ஒரு பக்கம் வாக்யூம் கிளீனர் உறுமுகிறது. அதற்கு மேலால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கொட்டுகிற பறை, ஊதுகிற ட்ரம்பெட், ஒரு ஆண் குரல் ஏதோ சண்டைக்கு வந்தவர்போலப் பாடுகிறது. வீட்டைத் துப்புரவு பண்ணுகிற சனிக்கிழமைக்கு அவர்கள் ஊரில் இப்படிப் பாட்டுப் போடுவதுதான் வழக்கமாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் எழும்பிப் போய் வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக் கோபத்தோடு முகட்டில் தட்டினேன். நன்றாகத் தட்டினேன்.

பாட்டுக் குறையவில்லை. கூடியது. கொஞ்ச நேரத்தில் கதவு மணி அடித்தது. தாய் கையில் ஒரு தட்டோடு நிற்கிறார். தட்டில் சோள மாவில் சுட்ட தடித்த ரொட்டி, நடுவில் சீஸ் உருகி வழிகிறது. அயலவருக்கு அவர்கள் மொழியில் வெசினோ என்று பேர். "வெசினோ, உங்களுக்கு எங்கள் இசை பிடித்திருக்கிறது, மிகவும் சந்தோஷம்," என்றார். நான் விழித்தேன். பின்னால் நின்ற மனைவி தமிழில் சொன்னாள்:

"நீங்கள் கோவத்தில தட்டினாலும் தாளத்திலதானே தட்டுவீங்கள். அவ என்ன செய்யிறது?"

ரொட்டியை வாங்கித் தின்ற பிறகு சண்டை பிடிக்க ஏலுமா? விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பாட்டு என்னை விடவில்லை. காரணம் ரசனை இல்லை, ரோசம். அதில் சமம், தாளத்தின் முதல் அடி, எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஆதி தாளம்போல அதுவும் எட்டுத்தான். எட்டும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் முதல் அடி விழவேண்டிய இடத்தில், நான் தொடையில் ஓங்கித் தட்டுகிற இடத்தில், அங்கே ஒருவரும் இல்லை. அடித்தொண்டையில் முழங்குகிற கிற்றார் எனக்கு முன்னமே வந்துவிட்டுப் போய்விடுகிறது. கலியாண வீட்டுக்கு நேரத்துக்குப் போய் இறங்கினால் பந்தி முடிந்திருப்பதுபோல.

நான் நோதேர்ன் லைன் ரயிலில் அந்தப் பாட்டுகளைக் காதில் மாட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். ஒரு வாரம் தட்டித் தட்டித் தோற்றேன். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மா இடம் மாறிப் போய் இருந்தார். கடைசியில் ஒருநாள், டூட்டிங்குக்கும் கோலியர்ஸ் வுட்டுக்கும் இடையில், எல்லாச் சத்தத்துக்கும் அடியில் இரண்டு மரக்கட்டைகள் மோதுகிற ஒரு சத்தம் இருப்பதைக் கேட்டேன். மூன்று தட்டு, பிறகு இரண்டு. திரும்பவும் மூன்று, இரண்டு. அதுதான் அவர்களுடைய தாளம். மற்ற எல்லோரும் அந்தக் கட்டையைச் சுற்றித்தான் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். அது விளங்கியதும் ரயிலில் தனியாக இருந்து சிரித்தேன். இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டு சவுத் விம்பிள்டன் வரைக்கும் போனேன்.

எனக்கு சந்தோஷமான இசை என்றால் கொஞ்சம் இளக்காரம். கண்ணீர் வரவேண்டும், இல்லாவிட்டால் அது என்ன இசை என்ற கட்சி. ஒருநாள் படிக்கட்டில் மேல்வீட்டுத் தாயை மறித்து ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். அவர் வரிக்கு வரி சொன்னார். ஊரைவிட்டு வந்தவனின் பாட்டு. தாய் செத்துப்போனாள், போக முடியவில்லை, வீட்டை யாரோ வாங்கிவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு துக்கத்துக்கா இந்தத் துள்ளல் என்று கேட்டேன்.

"துக்கம்தான் வெசினோ," என்றார். "அதற்காகக் கால் சும்மா இருக்கவேண்டுமா?"

அதற்குப் பிறகு துக்கம் வருகிற நாட்களில் நான் முகாரியைத் தேடிப் போகிறதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இந்த இசையோடு ஒரு அடையாளமும் எனக்கு ஒட்டிக்கொண்டது. மீசை, நிறம், தொப்பை எல்லாம் சேர்ந்து என்னைப் பார்த்தால் அவர்கள் ஆள் மாதிரியாம். எலிஃபண்ட் அண்ட் காசில் பக்கம் அந்தச் சோளமாவு வாங்கப் போனால் கடைக்காரர் ஸ்பானிஷில் குடும்ப சுகம் விசாரிப்பார். நான் இல்லை, சிறிலங்கா என்பேன். அவர் முகம் வாடும். ஏதோ சொந்தக்காரன் என்று நம்பி ஏமாந்தவரின் முகம். பாவமாக இருக்கும். இதை மேல்வீட்டில் சொன்னபோது தாய் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: தான் ஊரில் இருந்தபோது தங்கள் தெருக்காரி. தலைநகரத்துக்குப் போனால் தெற்கத்திக்காரி. ஸ்பெயினில் வேலை செய்தபோது கொலம்பியாக்காரி. லண்டனுக்கு வந்த பிறகுதான் லத்தீனா ஆனாராம், தென்னமெரிக்கச் சனம் எல்லாருக்கும் பொதுவான பேர். பெருவைச் சேர்ந்தவர், பொலிவியாவைச் சேர்ந்தவர், ஊரிலே கண்ணாலும் கண்டிராத சனமெல்லாம் இங்கே ஒரே பாட்டுக்கு எழும்பி ஆடும்போது, ஓ, நாங்கள் எல்லாரும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்ததாம்.

எனக்கு இது புதுக்கதை இல்லை. சாவகச்சேரியில் நான் எங்கள் குறிச்சி ஆள். யாழ்ப்பாண ரவுணுக்குப் போனால் தென்மராட்சியான். கொழும்பில் தமிழன். இங்கே ஏஷியன். தூரம் கூடக் கூடப் பேர் பெரிதாகிக்கொண்டே போகிறது, ஆள் சின்னதாகிக்கொண்டே போகிறான் என்று எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. மேல்வீட்டுக்காரருக்கு அந்த எரிச்சல் இல்லை. பெரிய பேர் கிடைத்ததில் அவருக்குப் பெரிய குடும்பம் கிடைத்த புளுகமும் சந்தோஷமும்.

மகள் வேறு கட்சி. எந்த நாடு என்று கேட்டால் கோலியர்ஸ் வுட் என்பாள். அதற்கு முதல் எந்த நாடு என்று கேட்டால், அதற்கு முதல் பிறக்கவில்லை என்பாள். அம்மா பாட்டுப் போட்டால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் வந்து இருப்பாள். நான் லத்தீனா இல்லை அங்கிள், அது அம்மாவின் பொழுதுபோக்கு என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். எங்கள் மகனும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இப்படித்தான் கதைப்பான்.

இதற்கிடையில் தாய் டூட்டிங்கில் ஒரு சேர்ச் ஹோலில் சனி பின்னேரங்களில் சல்சா வகுப்புத் தொடங்கினார். என் மனைவிதான் முதலில் சேர்ந்தது. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னால் முழங்கால் நோகுது என்பவள், அங்கே போய்ச் சுழன்று சுழன்று ஆடினாள். நான் ஸ்பீக்கர் தூக்கிக் கொடுக்கிற சாட்டில் போய்க் கதிரையில் இருந்து தாளம் போட்டேன். ஒருநாள் ஆள் குறைந்ததால் என்னையும் இழுத்துவிட்டார்கள்.

கால் பிரச்சினை இல்லை. எட்டில் நாலும் எட்டும் மௌனம், மற்றதெல்லாம் அடி. எனக்கா தெரியாது? பிரச்சினை கை. சோடியாக ஆடும்போது ஆண் கையைக் கொடுக்கவேண்டும். என் கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் கால் கணக்கை மறந்துவிடுகிறது. எல்லாரும் ஓடிக்கொண்டிருக்க நான் நடு ஹோலில் நின்று சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுகிறேன். தாய் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. நான் இடது கையை மட்டும் கொடுத்து ஆடுவேன், வலது கை தன் பாட்டில் தன் வேலையைப் பார்க்கும். அந்த வகுப்பில் என் பேர் ஒற்றைக் கை வெசினோ.

பிள்ளைக்குப் பதினைந்து வயது வரப்போகிறது என்று தாய் ஒருநாள் கீழே வந்து சொன்னார். அவர்களுக்கு அது பெரிய விசேஷம். பெரிய கவுண், தலையில் கிரீடம், மண்டபம், கேக், எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பாவோடு ஒரு வால்ட்ஸ் நடனம். அந்த நடனத்தோடுதான் பிள்ளை பெரிய மனிசி என்று சபைக்குச் சொல்வது. கேட்டுக்கொண்டிருந்த மனைவியின் கண் விரிந்தது.

"இது எங்கட சாமத்தியவீடு எல்லே," என்றாள்.

ஆமாம், அதேதான், பிள்ளை பெரியபிள்ளையானால் எங்கள் ஆட்கள் செய்கிற சடங்கு. எங்களுக்கு நாளைக் குறிப்பது இயற்கை, அவர்களுக்குக் காலண்டர். மற்றபடி கவுண், கிரீடம், மண்டபம், கமராக்காரர், வந்தவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்வது வரைக்கும் ஒன்றுதான். பெண்பிள்ளை இல்லாத மனைவிக்கு இது லொத்தர் விழுந்த மாதிரி. அன்றைக்கே மேலே ஏறிப்போய்ப் பூ அலங்காரம் பற்றி ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

தன் நாடு கோலியர்ஸ் வுட் என்கிற மகள் இதற்கெல்லாம் சம்மதித்ததுதான் ஆச்சரியம். காரணம் ஒன்றே ஒன்று. அப்பா வருகிறார். அவள் சின்னவளாக இருக்கும்போதே ஊர் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் மட்டும் இருப்பவர். அந்த நடனத்துக்காக அவர் வருகிறார் என்றதும் பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவோடு வால்ட்ஸ் பழகினாள். மேலே இரண்டு சோடிக் கால் சுற்றிச் சுற்றி வருவது எங்கள் முகட்டில் கேட்கும்.

அப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. விசேஷத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கும்போது அது தெரிந்தது. மேலே காலடிச் சத்தம் நின்றது. மண்டபம், சாப்பாடு எல்லாம் சொல்லியாயிற்று. பிள்ளையோ, நான் தனியாக நடுவில் நின்று எல்லாரும் பாவம் பார்க்கிறதுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஒழுங்காக முயற்சி செய்யவில்லை என்பது அவளுடைய முடிவு. தாய் சமாதானம் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியது.

நான் வேலையால் வர, அவள் படிக்கட்டில் இருந்தாள். நான் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் பையை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி, டொரோண்டோவில். அவளுடைய மகளின் சாமத்தியவீடு நடந்தபோது எனக்கு இங்கே விசாக் கேஸ் முடியவில்லை. எங்கேயும் போக ஏலாது. தாய்மாமன் நான், நான் இல்லை. வீடியோ வந்தது. மாமன் செய்யவேண்டியது எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் செய்கிறார். பால் வார்க்கிறார், தட்டுத் தூக்குகிறார், வாய் நிறையச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் வருடக்கணக்காக வெறுத்தேன். என் இடத்தில் நின்று என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று. மருமகள் பிறகு என்னோடு அதிகம் கதைக்கவில்லை. மாமா நினைத்திருந்தால் வந்திருக்கலாம் என்பது அவளுடைய முடிவு. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

இதை நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். விசா இல்லாதவனுக்கு முயற்சி இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது என்றும் சொன்னேன். அவள் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

"எங்கள் ஆட்களில் இப்படி ஒரு நாளில் அப்பாவுக்கு வேலையே இல்லை. வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடுவார், அவ்வளவுதான். எல்லாம் செய்வது அம்மாவின் சகோதரன். மாமன் இல்லாமல் ஒன்றும் தொடங்காது."

"அம்மாவுக்குச் சகோதரன் இல்லையே," என்றாள்.

"கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். அது படியில் எதற்கோ தட்டிக்கொண்டிருந்தது.

"அங்கிள், அந்த நடனத்துக்கு இரண்டு கையும் வேண்டும்," என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அன்றைக்கே மேலே காலடிச் சத்தம் திரும்பவும் தொடங்கியது. எனக்கு எங்கள் வரவேற்பறையில் மனைவியோடு பயிற்சி. வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. எங்கள் ரூபகம், தட்டு, தட்டு, வீச்சு. இதைவிட இலேசான தாளம் இல்லை. தொடையில் போட்டால் கால் அழகாகப் போகிறது. மனைவி இரண்டு கையையும் பிடித்தால் நாலாவது அடியில் அவள் காலை மிதிக்கிறேன். கையைக் கட்டிப்போட்டுப் பழகுங்கோ என்றாள். சோபா மூலையில் இடித்து முழங்கால் வீங்கியது. தாய் மேலிருந்து வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது வெசினோ என்று சொன்னார். பல் வைத்தியரிடம் வேலை செய்பவர்கள் நோகாது என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

விசேஷ நாள் வந்தது. மோர்டனில் ஒரு மண்டபம். இங்கேதான் எங்கள் வீட்டுக்காரி ஒரு காரியம் செய்தாள். தாய்மாமன் வெறும் கையோடு போகக்கூடாது என்பது எங்கள் முறை. தட்டுத்தட்டாகச் சாமான் கொண்டு, ஊர்வலமாக உள்ளே போகவேண்டும். மனைவி கோயில் சினேகிதிகள் நாலைந்து பேரைச் சேலையோடு இறக்கிவிட்டாள். ஒரு தட்டில் கதலிப்பழம், ஒரு தட்டில் அப்பிள், காப்பு, சொக்கிலேற், பட்டுச் சட்டை, தேங்காய். கடைசித் தட்டில் அந்தச் சோள ரொட்டி, நாங்களே சுட்டது. எங்கள் கணக்கில் இது மரியாதை. அங்கே இருந்தவர்களுக்கு என்ன என்றே விளங்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த கேட்டரிங் ஆட்கள் என்று நினைத்து ஒருவர் குசினிப் பக்கம் கையைக் காட்டினார். மனைவி அசையவில்லை. தேங்காய்த் தட்டோடு நடு மண்டபத்தில் அப்படியே நின்றாள். தாய் ஓடிவந்து ஸ்பானிஷில் ஏதோ உரக்கச் சொன்னார். மாமன் வீட்டார் வந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருப்பார். உடனே மூலையில் இருந்த ஒருவர் கையைத் தட்டினார். மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. மண்டபம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் சேலைக்காரப் பெண்கள் சல்சாத் தாளத்தில் தட்டுகளை ஏந்திக்கொண்டு முன்னே போனார்கள். நான் பார்த்த சாமத்தியவீடுகள் எதிலும் இப்படி ஒரு தட்டு ஊர்வலம் நடந்ததில்லை.

பிறகு வெளிச்சம் குறைந்தது. பிள்ளை வந்தாள். மெல்லிய நீலக் கவுண், தலையில் சின்னக் கிரீடம். யாரோ ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் அப்பாவின் முகம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் போட்டிருந்தது வேட்டி வேறு. தாய்மாமன் வேட்டியோடுதான் போகவேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

பாட்டுத் தொடங்கியது. நான் இரண்டு கையையும் கொடுத்தேன். முதல் சுற்று எப்படியோ போய்விட்டது. இரண்டாவதில் என் வலது கை தொடையைத் தேடியது. அவள் விடவில்லை. எனக்குக் கணக்குப் போய்விட்டது. கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு சனத்துக்கு முன்னால், அந்தப் போனில் ஒரு மனிதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, நான் பிள்ளையை நடுவில் நிறுத்திவிடப் போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது என் வலது கையின் புறத்தில் ஒரு விரல் தட்டியது. தட்டு. தட்டு. பிறகு விரல் எழும்பியது. தட்டு. தட்டு. எழும்பியது. பிள்ளைதான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், விரல் மட்டும் என் கைக்கு ரூபகம் போட்டுக்கொண்டிருக்கிறது. படிக்கட்டில் ஹெட்போனோடு இருந்த காலமெல்லாம் இவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் கால் நிலத்தைப் பிடித்தது. என் கை என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சும்மா இருந்தது. நாங்கள் அந்தப் பாட்டு முடியும்வரை சுற்றினோம். மனைவி எடுத்த வீடியோவைப் பிறகு பார்த்தேன். வாய் நிறையச் சிரிக்கிறேன், டொரோண்டோப் பக்கத்து வீட்டுக்காரரின் அதே சிரிப்பு. பாவம் அந்த மனிசன். அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

நடனம் முடிந்ததும் அவள் போனை வாங்கி அப்பாவோடு கதைத்தாள். இருவரும் அழுதார்கள். நான் மூச்சு வாங்க ஒரு கதிரையில் இருந்தேன். பாட்டு மாறி சல்சா தொடங்கியது. வலது கை வேலைக்குத் திரும்பிவிட்டது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் வேட்டியையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். கேட்பது எதை என்று எனக்குத் தெரியும். எந்த நாடு என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் சிறிலங்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை போனோடு வந்து என் கதிரையின் கையில் இருந்துகொண்டு அவருக்குப் பதில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்தான் விளங்கியது, மாமா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். மிச்சம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"கீழ்வீடு என்றேன்," என்றாள். "அம்மாவின் அண்ணன், கீழ்வீட்டிலிருந்து வந்தவர் என்றேன்."

அந்த அம்மா கீழ்வீடு என்கிற ஊரை நன்றாகத் தெரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு, எனக்கும் ஒரு துண்டு கேக் வாங்கிவரச் சொல்லி யாரையோ அனுப்பினார்.